சோதிக்கச் சொல்பவர் சுமக்கட்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த சில நாள்களில் நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் அலுவலக அறைகளில் ஓர் உரையாடல் நடைபெறுகிறது. பெற்றோர் மாறுகின்றனர், சொற்கள் மாறுவதில்லை. “உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் இல்லை. ஒரு நல்ல உளவியலாளரிடம் காட்டி, சோதித்து, அறிக்கை வாங்கி வாருங்கள்.” பெற்றோர் அஞ்சுகின்றனர். கடன் வாங்குகின்றனர். நகரத்துக்குச் சென்று, வரிசையில் காத்திருந்து, புரியாத சொற்கள் நிறைந்த நான்கு பக்கங்களோடு திரும்புகின்றனர். அடுத்த உரையாடல் முந்தியதைவிடக் குறுகியது. “இத்தகைய பிள்ளைகளுக்கு எங்களிடம் வசதி இல்லை. பிள்ளையின் நன்மைக்காகவே சொல்கிறோம். வேறு நல்ல பள்ளியாகப் பாருங்கள்.” மாற்றுச் சான்றிதழ் ஆயத்தமாக இருக்கிறது.

யாரும் குரலை உயர்த்துவதில்லை. யாரும் யாரையும் இகழ்வதில்லை. எல்லாம் பண்போடு நடந்தேறுகிறது. சுவரில் திருஇருதய ஆண்டவரின் படம் தொங்குகிறது.

இந்த வழக்கத்துக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். சோதனைக்கு எதிராக அன்று. குழந்தையின் வளர்ச்சியை அறிந்தவர்கள் முறையாகச் சோதித்தறிவது நல்லது. பல வேளைகளில் இன்றியமையாதது. என் வாதம் ஒன்றே: ஒரு குழந்தையைச் சோதித்து வரச் சொல்பவர், அச்சோதனையின் முடிவால் தாமே கட்டுண்டவர் ஆகிறார். அறிக்கையைக் கேட்ட கை, அறிக்கை காட்டும் சுமையையும் ஏற்க வேண்டும். சுமக்க மனமில்லாதவருக்குச் சோதிக்கச் சொல்லும் உரிமை இல்லை.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் முறையில் தொடக்கம் முதலே காணப்படும் வேறுபாடுகளை மருத்துவ உலகம் நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடுகள் என்று அழைக்கிறது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் இடறச்செய்யும் கற்றல் குறைபாடு ஆகியவை இவற்றுள் நாம் அடிக்கடி காண்பவை. இவை அரியவை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் ஐந்து பகுதிகளில் 3,964 குழந்தைகளை ஆய்ந்து 2018 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ளோரில் 13.6 விழுக்காட்டினருக்கு இத்தகைய குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டது. அவ்வாய்வு செவித்திறன், பார்வைத்திறன் குறைபாடுகளையும் வலிப்பு நோயையும் தன் கணக்கில் சேர்த்தது. எப்படிப் பார்த்தாலும், அறுபது பேர் அமர்ந்துள்ள ஒரு வகுப்பறையில் இத்தகைய குழந்தைகள் ஒருவரோ இருவரோ அல்லர்; ஒரு வரிசை முழுவதும் இருக்கக்கூடும்.

ஆட்டிசத்தையோ கற்றல் குறைபாட்டையோ காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இல்லை. தலையை ‘ஸ்கேன்’ செய்து பார்த்து, இதோ இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டவும் இயலாது. குழந்தையைப் பொறுமையோடு பார்ப்பதும், அதனோடு விளையாடுவதும், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பதும், வகுத்தமைத்த கேள்விகளாலும் செயல்களாலும் அளப்பதுமே வழி. செக்கந்தராபாத் தேசிய நிறுவனம் 2009 இல் வெளியிட்ட ஆட்டிச அளவைக் கருவியில் நாற்பது கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கண்ணோடு கண் பார்க்கிறதா, பிறரோடு சேர்ந்து விளையாடுகிறதா, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறதா என்றெல்லாம் அது வினவுகிறது. இவை அனைத்துக்கும் முன்பு செவியையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். காது மந்தமான குழந்தையை அறிவு மந்தமென்று பின் வரிசைக்குத் தள்ளிய கதைகள் நம்மிடையே ஏராளம்.

நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணையும் அதன் தகுதிக்கு மேல் உயர்த்த வேண்டாம். சராசரி நூறு என்று வைத்து, எழுபது அல்லது அதற்கும் கீழே நிற்பதைக் குறைபாட்டின் ஓர் அடையாளமாகக் கொள்கின்றனர். ஆனால் எந்த அளவையிலும் சில புள்ளிகள் அங்குமிங்கும் பிழைபடும். அறுபத்தொன்பது பெற்ற குழந்தைக்கும் எழுபத்தொன்று பெற்ற குழந்தைக்கும் நடுவே ஆண்டவர் எந்தச் சுவரும் எழுப்பவில்லை. அந்த எண்ணோடு, குழந்தை அன்றாட வாழ்வில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே நல்ல உளவியலாளர் முடிவு சொல்கிறார். பசியோடு வந்த குழந்தை, இரவெல்லாம் பேருந்தில் விழித்திருந்த குழந்தை, அறிமுகமற்ற அறையில் அழுத குழந்தை ஆகியோரின் எண்கள் அக்குழந்தைகளின் எண்கள் அல்ல. அந்த நாளின் எண்கள்.

சோதிக்க மறுப்போரும் தவறு செய்கின்றனர்

பள்ளிகளைக் குறைகூறுமுன், ஆலய வளாகத்துக்குள்ளேயே உள்ள எதிர்ப்பக்கத்துத் தவற்றையும் சொல்லியாக வேண்டும். “போகப்போகச் சரியாகிவிடும், அவனுடைய அப்பாவே நான்கு வயதில்தான் பேசினார்” என்று ஆறுதல் கூறும் பாட்டிமார் உண்டு. “அடியாத மாடு படியாது” என்று பிரம்பை நம்பும் ஆசிரியர்களும் உண்டு. இவர்களைவிடக் கொடியவர்கள், தலைமுறைச் சாபம் என்றும் செய்வினை என்றும் கூறிப் பெற்றோரைச் செபக்கூட்டத்திலிருந்து செபக்கூட்டத்துக்கு அலைக்கழிப்பவர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்று வினவியபோது ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வாசித்துவிட்டு, அதே கேள்வியை ஓர் இளந்தாயிடம் கேட்பவருக்கு நற்செய்தி இன்னும் காதில் விழவில்லை என்றே பொருள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் நேர்ச்சையைக் காரணம் காட்டி, பேச்சும் பழக்கமும் உருவாகும் பொன்னான முதல் ஆண்டுகளைக் கைநழுவ விடுவது பக்தி ஆகாது.

“பெயர் சூட்டிப் பிள்ளையை முத்திரை குத்துவானேன்?” என்று கேட்பவர்களின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்டிருக்கிறதே! மக்கு, மண்டு, சோம்பேறி, திமிர் பிடித்தவன், அடங்காப்பிடாரி ஆகியவை எந்த உளவியலாளர் கொடுத்த பெயர்கள்? இவற்றுக்கு அறிக்கை தேவைப்படவில்லை, கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஓர் அறிவியல் பெயர் வந்து இந்த வசைப் பெயர்களை அகற்றுமானால், அதுவே குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நீதி.

இது சிறுவர்களோடு முடிவதுமில்லை. பத்தொன்பது, இருபது வயதில் கல்லூரியில் பன்னிரண்டு தாள்கள் நிலுவையில் கிடக்க, விடுதி அறையில் முடங்கிக் கிடக்கும் இளைஞர்களைப் பங்குகளில் காண்கிறோம். பேசச் சொன்னால் தெளிவாகப் பேசுவர். எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகராது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் ‘ஏன்?’ என்று கேட்கவில்லை, ‘ஏன் படிக்கவில்லை?’ என்று மட்டுமே கேட்டனர். அவ்வயதில் செய்யப்படும் சோதனையும் வீணன்று. தன் கடந்தகாலம் முழுவதும் தன் குற்றமன்று என்று ஓர் இளைஞன் அறிந்துகொள்வது சிறிய விடுதலையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கி இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியுள்ளது. இதை அறியாமலேயே நம் இளைஞர்கள் எத்தனை பேர் படிப்பை விட்டிருக்கின்றனர்!

ஆகவே சோதனை வேண்டும். கேள்வி, அது எதற்காக என்பதே.

ஒரு கருவியின் வரலாறு

1904 ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுள் தனிப் பயிற்சி தேவைப்படுவோர் யாவர் என்று கண்டறிவதே அதன் பணி. அக்குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தெயோடோர் சிமோன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1905 இல் முப்பது செயல்கள் கொண்ட அளவையை உருவாக்கினார். இன்றுள்ள நுண்ணறிவுச் சோதனைகள் அனைத்துக்கும் மூதாதை அதுவே. உதவி செய்வதற்காகக் கண்டறிதல் என்பதே பினேயின் நோக்கம். அறிவு பிறப்பிலேயே அளந்து முடிக்கப்பட்டது, அதைக் கூட்ட இயலாது என்று பேசியோரை அவர் 1909 இல் வெளியிட்ட நூலில் கடிந்துகொண்டார்.

பினே 1911 இல் இறந்தார். அதற்கு முன்பே கருவி கடல் கடந்துவிட்டது. அமெரிக்காவில் ஹென்றி காடர்டு என்பவர் 1908 இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உதவிக்கான கருவி பிரித்தெடுக்கும் கருவியாயிற்று. பிரித்தெடுத்தவர்களை என்ன செய்வது? விர்ஜீனியா மாநிலம் விடை கண்டது: அவர்கள் பிள்ளை பெறாதபடி கருத்தடை செய்வது. கேரி பக் என்னும் இளம்பெண்ணின் மனவயது ஒன்பது என்று சோதனை கூறியது. அவருடைய தாயும் அத்தகையவரே என்றனர். அவர் பெற்ற குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். பார்வையிட்ட சமூகப் பணியாளர் ஒருவர் அதுவும் இயல்பாக இல்லை என்று சான்று பகர்ந்தார். 1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று, கேரிக்குக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. உடன்பட மறுத்த ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், அவர் கத்தோலிக்கர். ஏழு மாதத்தில் தீர்ப்பிடப்பட்ட அந்தக் குழந்தை விவியன் பின்னர் பள்ளி சென்று, நன்மதிப்புப் பட்டியலில் இடமும் பெற்று, எட்டு வயதில் நோயால் இறந்தாள். தாளில் எழுதப்பட்ட பொய்யைக் குழந்தையே தன் வாழ்வால் அழித்தாள். ஆயினும் தீர்ப்பு அழியவில்லை.

1930 டிசம்பர் 31 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், கிறிஸ்தவத் திருமணம் குறித்த தம் திருமடலில், இக்கருத்தடைக் கொள்கையைக் கண்டித்தார். குற்றமற்ற மனிதரின் உடல்மீது அரசுக்கு இத்தகைய அதிகாரம் இல்லை என்றார். 1941 ஆகஸ்டு 3 அன்று மூன்ஸ்டர் ஆயர் வான் காலன், பயனற்றவர்கள் என்று கணக்கெழுதப்பட்ட நோயாளிகளை நாசி அரசு கொல்வதை மறையுரை மேடையிலிருந்தே சாடினார். அதே காலத்தில் வியன்னா நகரின் ஒரு நிலையத்தில் ஏறத்தாழ எண்ணூறு குழந்தைகள் மாண்டனர். ஆட்டிச வரலாற்றில் பெயர்பெற்ற மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர் அந்நிலையத்துக்குக் குழந்தைகளை அனுப்பக் கையெழுத்திட்டதை, வரலாற்றாளர் ஹெர்விக் செக் 2018 இல் ஆவணங்களோடு எடுத்துக்காட்டினார்.

நம் பள்ளி முதல்வர்களை அக்கொடியோரோடு நான் ஒப்பிடவில்லை. அது அநியாயம். ஆனால் இவ்வரலாறு ஓர் உண்மையைச் சொல்கிறது. சோதித்தவர் ஒருவர், முடிவுசெய்தவர் வேறொருவர், விளைவைச் சுமந்தது குழந்தை மட்டும் என்ற நிலை ஏற்படும்போதெல்லாம் கருவி தன் நோக்கத்தை இழந்துவிடுகிறது. அறிக்கைக்கும் பொறுப்புக்கும் நடுவே உள்ள கயிற்றை அறுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் தாள். வெறும் தாள் எப்போதும் வலியவர் கைக்கே போய்ச்சேரும்.

எந்த மொழியில் சோதிக்கிறோம்?

நம் பள்ளிகள் கேட்கும் அறிக்கையின் தன்மையையும் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் மீனவர் மகனை ஆங்கிலவழி வகுப்பில் அமர்த்துகிறோம். அவன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறான். ஆங்கிலக் கேள்விகளால் சோதித்து, கற்றல் குறைபாடு என்று எழுதி வாங்கி வரச் சொல்கிறோம். குறைபாடு அவனுடைய மூளையிலா, நாம் வகுத்த பயிற்றுமொழியிலா?

உண்மையிலேயே வாசிப்புக் குறைபாடு உள்ள தமிழ்க் குழந்தை எங்கே இடறும் என்று எண்ணிப்பாருங்கள். ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது. ஒலியோ ககரத்துக்குப் பின்பு வருகிறது. ‘கொ’ என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ ஆகிய மூன்றிலும் ஒரே ககரம், ஒலிகள் வேறு. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண ஆகியவற்றின் நடுவே குழந்தை வழிதவறுகிறது. ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றில் எதைக் காண இயலும்? பினேயின் அளவையை 1930களிலேயே கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கெனத் திருத்தியமைத்த காமத் என்னும் அறிஞர் அறிந்திருந்த உண்மை இது: அளவுகோல் அந்த மண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. மைய அரசு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயது நிறைந்தோர்க்கு மட்டுமே வழங்கலாம் என்றன. பதினான்கு வயதிலும் பதினெட்டு வயதிலும் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றும் கூறின. எழுத்தறியும் பருவமே வராத மழலை வகுப்புப் பிள்ளைக்கு அச்சான்றிதழைக் கேட்பது அறியாமை. அரசின் தாளே ‘இக்குழந்தை மாறக்கூடும், மீண்டும் பாருங்கள்’ என்று சொல்லும்போது, ஒரே தாளை வைத்து இறுதித் தீர்ப்பெழுத நாம் யார்?

பள்ளிகள் கூறும் காரணங்கள்

“எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை.” உண்மை. ஆனால் கணினி ஆய்வகம் இல்லாதபோது கட்டினோம். நீச்சல்குளம் கட்டிய பள்ளிகளும் உண்டு. இல்லாமை அங்கே முயற்சிக்குக் காரணமாயிற்று. இங்கே மட்டும் மறுப்புக்குக் காரணமாவது எப்படி?

“வகுப்பில் அறுபது பேர், ஓர் ஆசிரியை என்ன செய்வார்?” இந்த வினாவில் நீதி இருக்கிறது. களைத்துப்போன ஆசிரியையின்மேல் இன்னொரு சுமையை ஏற்றி, தியாகம் என்று அதற்குப் பெயரிடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த அறுபதைச் சேர்த்தது யார்? கட்டணத்துக்காக வகுப்பை நிரப்பிவிட்டு, நிரம்பிய வகுப்பைக் காட்டி ஒரு குழந்தையை இறக்கிவிடுவது எந்த நீதிநூலில் உள்ளது?

“மற்றப் பெற்றோர் குறை சொல்கின்றனர், நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி கெடும்.” இதுவே உண்மையான காரணம் என்று அஞ்சுகிறேன். நூறு விழுக்காடு என்ற பலகையைப் பள்ளி வாயிலில் மாட்டுகிறோம். நூறாவது ஆட்டைத் தேடிச் சென்றவரின் பெயரில் பள்ளி நடத்துபவர்கள், அந்த நூறாவது ஆட்டை வெளியே விட்டுவிட்டு எஞ்சிய தொண்ணூற்றொன்பதையே நூறு என்று எண்ணிக் காட்டுகிறோம்.

“சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றனவே; நம் அருள்சகோதரிகளே நடத்துகின்றனரே!” ஆம், தலைவணங்குகிறேன். கடுமையான குறைபாடுடைய குழந்தைகளுக்கு அவை புகலிடம். ஆனால் எழுத்தில் மட்டும் இடறும் குழந்தைக்கும், வகுப்பில் ஓயாமல் எழுந்து நடக்கும் குழந்தைக்கும் அவை இடமல்ல. சில சகோதரிகளின் தியாகத்தைக் காட்டி ஏனைய பள்ளிகள் தங்கள் கடமையிலிருந்து விடுவித்துக்கொள்ளக் கூடாது.

இறுதியாக, மெல்லிய குரலில் சொல்லப்படும் காரணம்: “நாம் சிறுபான்மையினர் நிறுவனம், சட்டம் நம்மைக் கட்டாது.” கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனையைத் தடைசெய்கிறது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பியது. வழக்கறிஞர்கள் வாதிடட்டும். என் வினா வேறு. நம் முன்னோர் அரசியல் சாசனத்தின் முப்பதாம் பிரிவில் உரிமை பெற்றது எதற்காக? வறியோரையும் எளியோரையும் நம் நம்பிக்கையின்படி பேணுவதற்கா? பிறர் செய்யக் கூடாத அநீதியை நாம் மட்டும் செய்வதற்கா? மேலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பதினாறாம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் அனைத்தும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து தக்க முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. கண்டறிதலையும் கற்பித்தலையும் அச்சட்டம் ஒரே வாக்கியத்தில் இணைத்தே எழுதியிருக்கிறது. அவ்வாக்கியத்தின் முற்பாதியை மட்டும் நாம் படிக்கிறோம்.

கருவில் உள்ள குழந்தைக்கு ‘டவுன்’ குறைபாடு என்று சோதனை காட்டினாலும் கலைக்கக் கூடாது என்று நாம் போதிக்கிறோம். சரியான போதனை, அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றமாட்டேன். ஆனால் போதனையைக் கேட்டுப் பெற்றெடுத்த தாய், ஐந்து ஆண்டுகள் கழித்து அக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நம் பள்ளி வாயிலில் நிற்கிறாள். கருவறையில் காத்த குழந்தையை வகுப்பறையில் கைவிடுகிறோம். உலகம் நம் போதனையை நம்ப மறுத்தால் பழி உலகத்தின்மேல் மட்டுமா?

பெத்சாய்தாவில் நடந்தது

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். ஆண்டவர் முதலில் அவர் கையைப் பிடிக்கிறார். கூட்டத்தின் கண்களுக்கு அப்பால், ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். தொடுகிறார். பின்பு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். நற்செய்திகள் கூறும் குணமளிப்புகளுள், நலம் வந்ததா என்று ஆண்டவரே வினவுவது இங்கு மட்டுமே. அம்மனிதர் மறைக்காமல் சொல்கிறார்: மனிதர் தெரிகின்றனர், ஆனால் நடக்கும் மரங்களைப் போல். அரைகுறை விடை, நம் பள்ளியாயின் தோல்வி மதிப்பெண். ஆண்டவர் அவரை வேறு ஊருக்கு அனுப்பவில்லை. மறுபடியும் கைகளை வைக்கிறார். அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

திருச்சபை வளர்ச்சிச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியது முழுவதும் இங்கே இருக்கிறது. கையைப் பிடித்த பிறகே சோதிக்க வேண்டும். தனிமையில், மானத்தைக் காத்துச் சோதிக்க வேண்டும். குறைவான விடை வந்தால், கேட்டவரின் கையே மீண்டும் நீள வேண்டும்.

திக்கித் திக்கிப் பேசும் தமக்கு இப்பணி ஆகாது என்று மோசே மறுத்தபோதும் ஆண்டவர் வேறு தலைவனைத் தேடவில்லை. ஆரோனை அவருக்கு வாயாகத் தந்தார். பொதுத் தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரைக் கேட்கும் மாணவனை ஏளனமாகப் பார்க்கும் ஆசிரியர், விடுதலைப் பயண நூலின் நான்காம் அதிகாரத்தை மீண்டும் படிப்பாராக.

செய்ய வேண்டியவை

கண்டித்துவிட்டு ஒதுங்குவது எளிது. ஆகவே மறைமாவட்டக் கல்விக் குழுவின் முன்பு சிலவற்றை வைக்கிறேன்.

முதலாவது, சேர்க்கைக்கு முன் எந்தச் சோதனையும் எந்த அறிக்கையும் கேட்பதில்லை என்று நம் பள்ளிகள் எழுத்தில் அறிவிக்கட்டும். சேர்ந்த பிறகு அறிக்கை கேட்கும் முதல்வர், அறிக்கை வந்த ஒரு மாதத்துக்குள், இக்குழந்தைக்குப் பள்ளி இன்னின்னது செய்யும் என்று ஒரு திட்டத்தை எழுதி, கையொப்பமிட்டுப் பெற்றோரிடம் தரட்டும். கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகளைப் பெற்றுத்தர அலைவது பள்ளியின் வேலை. கூலிவேலைக்குச் செல்லும் தாயின் வேலையன்று. திட்டம் எழுத மனமில்லாத பள்ளி, அறிக்கையும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சிறப்பாசிரியர் இயலாதெனில், ஒரு மறைவட்டத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒருவரையாவது அமர்த்தலாம்.

மூன்றாவது, அறிக்கையின் மறைவைக் காப்போம். குருமாணவர்களுக்கு உளவியல் சோதனை செய்வதைப் பற்றிக் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2008 இல் நெறிமுறைகள் வெளியிட்டது. மாணவரின் தெளிவான, விடுதலையான இசைவு இன்றி அது கூடாது. அவருடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. இருபது வயதுக் குருமாணவருக்குத் திருச்சபை அளிக்கும் மதிப்பை ஏழு வயதுக் குழந்தைக்கு ஏன் மறுக்கிறோம்? ஆசிரியர் அறையில் தேநீரோடு அறிக்கையை உரக்கப் படிக்கும் வழக்கம் பாவசங்கீர்த்தனத்துக்குரியது.

நான்காவது, செலவு. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தின்கீழ், 2013 முதல், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு இலவசப் பரிசோதனை உண்டு. மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் உண்டு. முட்டுக்காட்டில் 2005 முதல் தேசிய நிறுவனமே இயங்குகிறது. தெருத்தெருவாகத் திறக்கப்படும் வணிக நிலையங்களில் ஏமாறாதபடி, சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கும் துணிவைப் பெற்றோர்க்கு நம் அன்பியங்கள் ஊட்டட்டும். படிவத்தை நிரப்பவும் உடன் செல்லவும் ஒவ்வொரு பங்கிலும் இருவர் போதும்.

ஐந்தாவது, எங்களுக்கே. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777 ஆம் சட்டம், உடலாலும் உள்ளத்தாலும் குறைபாடுற்றோர்க்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாக விதிக்கிறது. மந்திரங்களை வரிசை தவறாமல் ஒப்பிக்காத சிறுவனைப் புதுநன்மை வரிசையிலிருந்து நிறுத்தி வைக்கும் குரு, பள்ளி முதல்வரைக் குறைகூறும் தகுதியை இழக்கிறார். அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிலர் சொற்களால் அறிவர். சிலர் கைகூப்பி நிற்கும் மௌனத்தால் அறிவர்.

தாவீதை யாரும் அழைத்துவரவில்லை. ஈசாய் தம் ஏழு மைந்தரையும் சாமுவேலின் முன்பு நிறுத்தினார். எட்டாமவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இவ்வளவுதானா என்று இறைவாக்கினர் கேட்டார். அவன் வரும்வரை பந்தியில் அமரமாட்டோம் என்றார். நம் ஆண்டு விழா மேடைகளில் பரிசு வாங்க நிற்கும் பிள்ளைகளைக் காணும்போது, நம் ஆயர் பெருமக்களும் அதே கேள்வியைக் கேட்கட்டும்: பிள்ளைகள் இவ்வளவுதானா? விடுபட்டவன் வரும்வரை அவர்களும் அமராதிருக்கட்டும்.